ஒரே பையில் பிறந்தவர்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள பூச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம், குறைச்சல் இல்லை. உன் மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எனக்கு முழங்கால், மழை வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டு வலிக்கிறது, அவ்வளவுதான். உன் கழுத்து எப்படி இருக்கிறது? நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிடந்தால் கழுத்து என்ன செய்யும் பாவம். சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம் கொடு.

போன் செய்யலாம்தான். போனில் நீ "ம்", "ம்" என்பாய். சுவரோடு பேசினது மாதிரி இருக்கும். காகிதத்தைக் கண்டால்தான் உனக்கு வாய் திறக்கும். அதனால் எழுதுகிறேன், நீயும் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஷெட்டுக்கு ரொட்டிக் கம்பெனி வேன்கள் சர்வீஸுக்கு வருமே, அதில் இரண்டு வேன் நடுரோட்டில் நின்று நின்று என் உயிரை வாங்கின. பம்பை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், ஒயர் ஒயராகப் பார்த்தேன். ஷெட்டில் ஓடும், ரோட்டில் நிற்கும். கடைசியில் டிரைவர்தான் சொன்னான், "அக்கா, டேங்க் மூடியத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து உள்ள போகுது, அப்புறம் வண்டி கிளம்பிடுது." எனக்குச் சுரீர் என்றது. பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று டேங்க்குக்குள் வர ஒரு குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் டேங்க் மூச்சுத் திணறும், வண்டி நிற்கும். குழாயைக் கழற்றிக் கம்பியை விட்டு இழுத்தேன். பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு பை வந்தது. கூடவே வெளிர் மஞ்சளில் ஓர் எட்டுக்கால் பூச்சி வந்து என் மணிக்கட்டு மேல் ஏறி ஓடியது. நெட்டை என்று ஒரு ஃபிட்டர் புதிதாகச் சேர்ந்திருக்கிறான், வாசலில் தலை இடிக்காமல் உள்ளே வரத் தெரியாதவன். அவன் அலறிய அலறலில் எதிர்க் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

அடுத்த வேனிலும் அதே குழாய், அதே பை. ஏண்டா, இத்தனை இடம் இருக்க, பெட்ரோல் நாற்றத்துக்குள் போயா வீடு கட்டும்? ஆளைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். என்ன ஏது என்று பார்த்துச் சொல்.

ஆசையுடன்,
அக்கா குண்டூசி


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்து பரவாயில்லை. ஒத்தடம் கொடுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலுக்குக் காரணம் அதுதான். மாமாவின் சர்க்கரை இறங்கியதில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி.

உன் தீப்பெட்டி வந்தது. உள்ளே இரண்டு கால்களும் கொஞ்சம் பொடியும் இருந்தன. தபால்காரர் முத்திரையைத் தீப்பெட்டி மேலேயே ஓங்கிக் குத்தியிருக்கிறார். அடுத்த தடவை மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி, சின்ன பாட்டிலில் ஊற்றி, அதில் போட்டு அனுப்பு. இன்னொன்று: பூச்சிக்கு ஆறு கால். சிலந்திக்கு எட்டு. நாற்பது வயதில் என்னைப் பூச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அறிவியலுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு கால்களும் வெள்ளைப் பையும் போதும், என் பேரினத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடிகிறது. பேரினம் என்பது குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு சொந்தப் பெயர். இவை வலை கட்டி உட்காருவதில்லை. பகலெல்லாம் பட்டில் பின்னிய பைக்குள் தூக்கம், இருட்டியதும் வேட்டை. இலையை மடித்து அதற்குள் பை பின்னும், சுவர் மூலையில் பின்னும். பெட்ரோல் வாசனை இதன் சொந்தக்காரர்கள் சிலரை இழுக்கிறது என்று படித்திருக்கிறேன். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. குழாய் வாயில் மெல்லிய சல்லடை வைத்துவிடு, வேன் நிற்காது.

இந்தப் பேரினத்தில் யார் யார் என்று ஒழுங்குபடுத்துவதுதான் மூன்று வருடமாக என் வேலை. பெரிய தலைவலி என்ன தெரியுமா? பெண்ணைப் பெண்ணுக்குரிய அடையாளத்தை வைத்துத்தான் சொல்ல முடியும், வயிற்றுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். ஆணுக்கு வாய்க்குப் பக்கத்தில் குட்டிக் கை போல இரண்டு இருக்கும். அவன் வளர்ந்து முடிந்ததும் அதன் நுனி உப்பிக்கொள்ளும். அந்த நுனியில் ஒரு கொக்கி, ஒரு முள். இனத்துக்கு இனம் அதன் வளைவு வேறு. குஞ்சாக இருக்கும்வரை யாராலும் பெயர் சொல்ல முடியாது. பழைய காலத்தில் கைக்குக் கிடைத்த ஒரு பெண்ணை மட்டும் வைத்துப் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒரு ஆணை மட்டும் வைத்தும் கொடுத்திருக்கிறார்கள்.

நானும் கொடுத்திருக்கிறேன். பழைய ஜாடி ஒன்றில் ஒற்றை ஆண் ஒருவன் கிடைத்தான், நாணல் புதரில் பிடித்தது என்று சீட்டு சொல்கிறது. அவன் கொக்கி மாதிரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனம், அக்கா. கட்டுரை எழுதி அனுப்பியிருக்கிறேன், அச்சாகப் போகிறது. வருடாவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, நவம்பரில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். ஒரே ஓர் இடம்தான். நான் காட்ட இருப்பது இந்தப் புது இனம்தான். கொக்கியின் படத்தை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், பத்திரம்.

முழங்காலைத் தரையில் ஊன்றாதே.

அன்புத் தம்பி


மார்ச் 8

அன்புள்ள பூச்சிக்கு,

ஊரே எட்டுக்கால் பூச்சி என்கிறது, நீ ஒருத்தன் மட்டும் இல்லை என்கிறாய். எண்ணிக்கையை நீ வைத்துக்கொள், பெயரை நான் வைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு எல்லோரும் சுகம். முழங்கால் தரையில்தான் ஊன்றியிருக்கிறது, வண்டிக்கு அடியில் வேறு எப்படிப் போவது? பெயர்தான் குண்டூசி, இடுப்பு டீசல் பேரல் மாதிரி ஆகிவிட்டது.

உன் படத்தை ஸ்பானர் மாட்டும் பலகையில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், "இது எந்த வண்டி பார்ட்டு, அக்கா?" என்று கேட்கிறார்கள். இறக்குமதி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஸ்பிரிட்டில் மூன்று பேர் வருகிறார்கள். ஒருத்தி என் விரலைக் கடித்துவிட்டுத்தான் பாட்டிலில் இறங்கினாள். ஊசி குத்தின மாதிரி இருந்தது, சாயங்காலம் வரை தடித்திருந்தது. கடிக்கும் என்று நீ எழுதவே இல்லையே. கொக்கி, முள் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிகிறது, அக்காவைக் கடிக்கும் என்று ஒரு வரி எழுத வராதா?

நான்காவது ஒருத்தி இருக்கிறாள். அவளை அனுப்பவில்லை. மூன்றாவது வேனில் குழாயோடு வெட்டி எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் பைக்குள் முத்து முத்தாக முட்டை தெரிகிறது. அவள் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தட்டினால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள், இவள் வாயைத் திறந்துகொண்டு எதிரே வருகிறாள். அவளை ஸ்பிரிட்டில் போட எனக்குக் கை வரவில்லை. கண்ணாடி டம்ளரில் போட்டு, வாயில் வலைத்துணி கட்டி, ஆபீஸ் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

ஆசையுடன்,
அக்கா குண்டூசி


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் ஆறிவிட்டதா? எழுதாதது தப்புதான். என்னைக் கடித்துக் கடித்து எனக்கு அது கணக்கிலேயே இல்லாமல் போய்விட்டது.

திட்டவில்லை. நீ செய்ததைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மூன்று பேரையும் பார்த்தேன், மூவரும் பெண்கள், மூவரும் ஒரே இனம். நம் தாத்தா பிறக்கும் முன்பே பெயர் வைத்தாயிற்று, சுவர்களில் அடிக்கடி கிடைப்பவள்தான். வேடிக்கை என்னவென்றால் இவளுடைய ஆணை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அல்லது பார்த்தும் இவன்தான் என்று தெரியாமல் விட்டிருக்கிறார்கள். என் புது ஆளுக்குப் பெண் கிடைக்கவில்லை, உன் குழாய்க்காரிக்கு ஆண் கிடைக்கவில்லை. எங்கள் துறையில் பாதி வேலை கல்யாணத் தரகர் வேலைதான்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த முட்டைப் பையை வளர்த்துக் கொடு. ஒரே பையில் பிறந்தவை கூடப் பிறந்தவை. அதில் சந்தேகமே வராது. அதில் ஓர் ஆண் வளர்ந்து ஆளானால், இந்த இனத்தின் ஆணை முதன்முதலில் பார்த்தவள் நீதான்.

குஞ்சுகள் வெளியே வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் தம்பி என்று பார்க்காமல் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் பொடி ஈக்கள் போதும் சாப்பாட்டுக்கு. தண்ணீர் ஒரு சொட்டு, பஞ்சில். தாய் இறந்துவிட்டால் ஸ்பிரிட்டில் போட்டு வை, தூக்கி எறிந்துவிடாதே. அவள்தான் சாட்சி.

மாமா என்ன சொல்வார் என்று தெரியும். அவரிடம் இது என் வேலைக்காக என்று சொல்.

அன்புத் தம்பி


மே 16

அன்புள்ள பூச்சிக்கு,

உன் இருமல் நின்றதா? நான் தினமும் கஷாயம் குடிக்கச் சொன்னால் குடிக்கவா போகிறாய். இங்கே வெயில் கொளுத்துகிறது. முழங்காலுக்கு இப்போது லீவு.

பிள்ளைகள் சௌக்கியம். உள்ளே புள்ளி புள்ளியாக ஊர்ந்தவுடன் எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் வெளியே வந்த பிறகுதான் வந்தாள், வயிறு ஒட்டிப்போய். ஒரு ஈயைக் கொடுத்தேன், சாப்பிட்டாள். அதற்கப்புறம் அதிக நாள் இல்லை. சொன்னபடி ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன். போடும்போது நெட்டை தொப்பியைக் கழற்றினான். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, என்னவோ மாதிரியும் இருந்தது.

மருந்துக்கடையில் காலி மாத்திரை டப்பாக்கள் கேட்டு வாங்கி, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டேன். இந்த வேலை எனக்குப் புதிதில்லை, நினைவிருக்கிறதா? நெட்டை ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வண்டிப் பெயரை எழுதியிருக்கிறான். ஜீப் நன்றாகச் சாப்பிடுகிறது. டிராக்டர் போன வாரம் போய்விட்டது. அலமாரியில் வாழைப்பழம் அழுகும் வாசனைக்கு உன் மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறார். உன் வேலைக்காக என்று சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு மறுநாள் அவரே ஒரு சீப்பு பழம் வாங்கி வந்து வைத்தார்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் டப்பாக்களைத்தான் பார்க்கிறேன். தினமும் ஒரு பை பின்னிக்கொண்டு தூங்குகிறது ஒவ்வொன்றும். மறுநாள் அதை விட்டுவிட்டு இன்னொன்று. எதற்காக இத்தனை வீடு? நேற்று கட்டினதில் இன்று படுத்தால் என்ன? அப்புறம், தோலை உரிக்கிறதே, கண்ணுக்கு மேலும் தோல் உரியுமா? பைக்குள் மூச்சு முட்டாதா? கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. பதில் சொல்ல நீதான் இருக்கிறாய், சொல்.

ஆசையுடன்,
அக்கா குண்டூசி


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போயிற்று. கஷாயம் குடித்தேன், சத்தியமாக.

கண்ணுக்கு மேலும் தோல் உரியும், எட்டுக் கண்ணுக்கும். பட்டில் காற்று போய்வரும், மூச்சு முட்டாது. உன் டேங்க்குக்குத்தான் அது போதவில்லை. எதற்கு இத்தனை வீடு என்பது எனக்கும் தெரியாது. நீ அந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன், அவர்களுக்கும் தெரியாது.

பெரிய செய்தி: கட்டுரை அச்சாகிவிட்டது. என் புது இனம் இனி உலகத்துக்குப் புது இனம். அறையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். எங்கள் ஆய்வகத்தின் பெரியவர், யாரையும் பாராட்டாதவர், "நவம்பர் உனக்குத்தான்னு நினைக்கிறேன்" என்றார். வீட்டில் சொன்னேன். உடனே வாடகை வீட்டுத் திரைச்சீலையை மாற்றலாமா என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது.

உனக்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். அதில் உனக்கு ஒன்று இருக்கிறது. நேரில் கொண்டுவந்து கொடுத்து, நீ படிக்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும். நேர்காணல் முடியட்டும். என்னவென்று இப்போது கேட்காதே.

ஜீப்புக்கு என் அன்பு.

அன்புத் தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள பூச்சிக்கு,

எல்லோரும் சுகம், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேள்.

ஜீப் ஆளாகிவிட்டான்! இரண்டு நாளாகப் பைக்குள்ளேயே கிடந்தான், போய்விட்டான் என்று நினைத்தேன். இன்று காலையில் பார்த்தால் பழைய தோல் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். கால்கள் நீண்டுபோய், முன்னால் அந்தக் குட்டிக் கைகள் இரண்டும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி உப்பிப்போய். லாரியும் அப்படித்தான், ஸ்கூட்டரும் அப்படித்தான். மற்றவை பெண்கள், அதுவும் நன்றாகத் தெரிகிறது.

கடிகாரக் கடைக்காரரிடம் கண்ணில் மாட்டும் லென்ஸ் கடன் வாங்கி வந்தேன். ஜீப்பின் கையைப் பார்த்தேன். பார்த்த உடனே எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. தலையை நிமிர்த்தினால் எதிரே பலகையில் உன் படம்! அதே கொக்கி. நுனியில் அதே வளைவு, பக்கத்தில் அதே முள். நெட்டையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "அக்கா, இதப் பாத்துத்தான் சார் வரஞ்சிருக்காரு" என்றான். ஸ்கூட்டரையும் லாரியையும் பார்த்தோம். அச்சு அசல்.

உன் ஆள்தாண்டா! உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் ஜாடியில் இருக்கிறது என்று அழுதாயே, உன் புது இனம் கூட்டமாக என் ஆபீஸ் அறையில் வாழைப்பழ ஈ தின்றுகொண்டிருந்திருக்கிறது. நேர்காணலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஷெட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ரொட்டிக் கம்பெனி டிரைவர் கேக் கொண்டு வந்தான். உன் மாமாவுக்கு ஒரு துண்டுதான் கொடுத்தேன்.

எல்லோரையும் ஸ்பிரிட்டில் போட்டுப் பார்சலாக அனுப்புகிறேன். போடும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, உனக்காகத்தான் என்று போட்டேன். அம்மாவையும் அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். உடனே எழுது. இந்தத் தடவை பெருமையாக எழுது.

ஆசையுடன்,
அக்கா குண்டூசி


அக்டோபர் 3

அன்புள்ள பூச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பார்சல் உடைந்துவிட்டதா? தபால்காரர் மறுபடியும் முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டாரா? பொறுக்க முடியாமல் போன் செய்தேன். நீ "ம், வந்துச்சு, எழுதறேன்" என்று வைத்துவிட்டாய். உன் வீட்டுக்காரியிடம் கேட்டால், "அவர் சரியாச் சாப்பிடறதில்ல அண்ணி, கேட்டா வேலைங்கறார்" என்கிறாள். காலி அலமாரியைப் பார்த்தால் எனக்கும் நன்றாக இல்லை.

கோபமா? நான் எதையாவது கெடுத்துவிட்டேனா? ஸ்பிரிட் சரியில்லையா? சொல்லித் தொலை.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலம் என்று நம்புகிறேன்.

பார்சல் ஒரு சேதமும் இல்லாமல் வந்தது. எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. வளர்ந்த விதம் அருமை. அவை இந்தப் பேரினத்தைச் சேர்ந்த பைச் சிலந்திகள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேர்காணல் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி


அக்டோபர் 21

தம்பிக்கு,

இந்தப் பேரினத்தைச் சேர்ந்த பைச் சிலந்திகள்! பிப்ரவரியில் இரண்டு காலையும் ஒரு சிட்டிகைப் பொடியையும் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதினவன் நீ. முழுசாக இத்தனை பேரை அனுப்பினால் நாலு வரி. கீழே 'அன்பு'கூட இல்லை, வெறும் தம்பி.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மார்ச்சில் என் குழாய்க்காரி பழைய இனம், தாத்தா பிறக்கும் முன்பே பெயர் வைத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். பிள்ளையின் கொக்கியோ உன் புது இனத்தின் கொக்கி. அம்மா பழைய இனம், அவள் பிள்ளை புது இனம் என்றால் எப்படி? படித்துக்கொண்டே வந்தவள் அந்தத் தரகர் வரியை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன். உன் ஆளுக்குப் பெண் இல்லை, அவளுக்கு ஆண் இல்லை என்று சிரித்தாயே, அவள் ஆண்தான் அவன், இல்லையா? புது இனம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகஸ்ட்டில் நான் குதித்துக்கொண்டு எழுதியதை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

சரி, கேள். ஸ்பிரிட்டில் இருப்பவற்றைக் கழுவிக் கொட்டிவிடு. இங்கே டப்பாக்கள் எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. நெட்டை ஜீப் என்பானே தவிர வேறு பெயர் அவனுக்குத் தெரியாது. நான் வாயே திறக்க மாட்டேன். நவம்பர் வரை நீ சும்மா இருந்தால் போதும். அப்புறம் யாராவது வளர்க்கட்டும், கண்டுபிடிக்கட்டும். எத்தனை வருடம் ஆகும் அதற்கு? தப்பு என்று தெரிந்துதான் சொல்கிறேன். எனக்கு அறிவியல் தெரியாது, உன்னைத் தெரியும். வருடாவருடம் அந்த ஒப்பந்தக் காகிதத்துக்காக நீ வாசலில் நிற்பது போதும்.

சாப்பிடு.

அக்கா


நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன். நேற்று நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதைப் பார்த்து வீட்டில் பயந்துவிட்டார்கள். கழுத்தும் பரவாயில்லை.

நீ கண்டுபிடித்தது சரி. ஜாடியில் கிடந்தவன் ஸ்பிரிட்டில் ஊறி ஊறிப் பழுப்பாகிவிட்டான், நாணலில் பிடித்தது என்று சீட்டு இருந்தது, சுவர்க்காரியோடு நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஆணைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் வைத்து ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் கொடுப்பது எங்கள் துறையில் எல்லோரும் செய்த தப்பு. அதைத் திருத்தத்தான் எனக்கு இந்த வேலை கொடுத்தார்கள். நானே அதைச் செய்தேன். உன் பார்சலைப் பிரித்து முதல் ஆணை மைக்ராஸ்கோப்பில் வைத்த உடனேயே தெரிந்துவிட்டது. லாரியா, ஸ்கூட்டரா என்று தெரியாது, அதன் டப்பாப் பெயரை நீ எழுதவில்லை.

கொட்டிவிடலாம் என்று உன் கடிதம் வருவதற்கு முன்பே நினைத்தேன். பொய் சொல்லவில்லை, பாட்டில்களை ஒரு வாரம் இழுப்பறைக்குள் பூட்டி வைத்திருந்தேன். பிறகு அந்தத் தாயை எடுத்துப் பார்த்தேன். எதையும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள் என்று எழுதியிருந்தாயே. நீயும் ஐந்து மாதம் வாழைப்பழ ஈ பிடித்துப் போட்டிருக்கிறாய். என்னால் கொட்ட முடியவில்லை.

நேர்காணலில் நானே சொன்னேன். பாட்டில்களை மேஜைமேல் வைத்து, ஒரே பையில் பிறந்தவை, என் இனம் செல்லாது என்றேன். பெரியவர் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யார் வளர்த்தது?" என்று கேட்டார். "எங்கக்கா. மெக்கானிக் ஷெட் வச்சிருக்காங்க" என்றேன். இடம் நத்தை ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்குப் போயிற்று, அவள் கெட்டிக்காரி, எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்பாதே. வருத்தம்தான். என் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.

ஆனால் ஆறு வாரம் நான் எழுதாமல் இருந்தது வேலைக்காக இல்லை. அந்தப் புது இனத்துக்கு நான் வைத்த பெயர் குண்டூசி. லத்தீன் வால் ஒன்று ஒட்டியிருக்கும், நடுவில் இருப்பது நீதான். எனக்கு எட்டு வயதில், முதல் சிலந்தியை ஜாம் பாட்டிலில் அடைத்துவிட்டு, அது மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று நான் அழுதபோது, அம்மாவின் புது மூடியில் குத்திக் குத்தி ஓட்டை போட்டாய். மூடி போச்சு என்று அடியும் நீதான் வாங்கினாய். அன்றைக்கு அந்தச் சிலந்தி செத்திருந்தால் நான் இன்னொன்றைப் பிடித்திருக்க மாட்டேன். நேரில் கொடுத்து உன் முகத்தைப் பார்க்க நினைத்தது இதைத்தான். நீ குதித்துக்கொண்டு அனுப்பிய பெட்டி உன் பெயரை அடித்துவிட்டது. அதை உனக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓர் இனத்துக்கு முதலில் வைத்த பெயர்தான் செல்லும். ஆனால் அச்சில் ஏறிய பெயரை யாராலும் அழிக்க முடியாது. பழைய பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், செல்லாதது என்ற குறிப்போடு கடைசிவரை இருக்கும். அதுதான் மிச்சம். பிரதியைத் தனி உறையில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நேரில் வர எனக்கு முகம் இல்லை.

அன்புத் தம்பி


டிசம்பர் 1

அன்புள்ள பூச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதைக் கேட்டு உன் மாமா என்னை முந்திக்கொண்டு சிரித்தார்.

முதலில் திட்டிவிடுகிறேன். இனிமேல் ஆணும் பெண்ணும் இரண்டும் கைக்குக் கிடைக்காமல் யாருக்கும் பெயர் வைக்காதே. கொட்டிவிடு என்று சொன்னேனே, நீ கொட்டவில்லை என்று படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. நீ கொட்டியிருந்தால் என்னால்தான் தாங்கியிருக்க முடியாது, ஜீப்பை நினைத்து நினைத்து.

உன் கடிதத்தை ஷெட்டில் வைத்துத்தான் படித்தேன். ஜாம் பாட்டில் வரிக்கு வந்ததும் எழுந்து ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது நெட்டை, "யாருக்கு என்னாச்சுக்கா?" என்று பதறினான். "ஒண்ணும் இல்ல, ஒரு எட்டுக்கால் பூச்சிக்கு என் பேர வச்சானாம் எந்தம்பி, இப்ப செல்லாதாம்" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "பழைய வண்டிக்கு நம்பர் கேன்சல் பண்ணுவாங்க, வண்டி ஓடிட்டுத்தான இருக்கும்" என்றான். பையனுக்குக் கொஞ்சம் மூளை இருக்கிறது, வாசலில் இடித்தும் கலையவில்லை.

ஒரு செய்தி. நேற்று உன் மாமாவின் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. டேங்க் குழாயைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக ஒரு பை. பையில் முட்டை இருக்கிறது, அவளும் இருக்கிறாள். உன் மாமா நடந்து கடைக்குப் போய் வாழைப்பழம் வாங்கி வந்துவிட்டார். நான் முன்பு கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி இருக்கிறதே, எதற்குத் தினமும் ஒரு வீடு என்று, அதை இந்தத் தடவை பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். தினமும் பார்ப்பவள் நான், புத்தகம் படித்தவன் நீ. டப்பாக்களுக்கு இந்த முறை பெயர் நீ வந்து வை.

நீ தனியாக அனுப்பிய உறையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. நேரில் கொண்டுவந்து கொடுத்து, நான் படிக்கும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜூனில் எழுதியிருந்தாய். முகம் இங்கேயே இருக்கிறது. கொண்டு வா.

ஆசையுடன்,
அக்கா குண்டூசி